மூன்று பென்சில் பேட்டரிக்கு ஒரு சிப்

ஜனவரி 6

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

பார்சலைப் பிரித்ததும் முதலில் இந்தக் கடிதத்தைப் படியுங்கள். பெட்டியைப் பிறகு தொடலாம். எதையும் திருகிப் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கிற ஆள் நீங்கள் என்று கேள்வி.

உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு ஒன்றும் ஆசையில்லை. கல்யாண வரவேற்பில் நூற்றைம்பது பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த செட்ட யாரு போட்டது, நாய் ஊளையிடற மாதிரி இருக்கு" என்று கேட்டீர்கள். போட்டவன் பெண்ணைப் பெற்றவன் என்று தெரிந்தே கேட்டீர்கள். அன்றோடு நமக்குள் பேச்சு முடிந்தது. நான்கு வருடம் நிம்மதியாகப் போயிற்று. "நீங்க திட்டறத அவங்ககிட்டயும், அவங்க திட்டறத உங்ககிட்டயும் கடத்தற வேலை எங்களுக்கு வேணாம்பா" என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் என் மகள் பாப்பா. அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், ஆனாலும் உங்களுக்கு நிலைமை புரிந்திருக்கிறதா என்பது சந்தேகம், அதனால் சொல்கிறேன். போன வருடக் காய்ச்சலில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது பாதி. அதில் மாட்டியிருக்கிற கருவி, எதிரில் ஒருவர் உட்கார்ந்து பேசினால் போதும். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒன்றுக்கும் உதவாது. அவள் வேலையோ அந்தப் பத்துப் பேர் மேசைதான். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல் விடாமல் எழுதுவது, கடைசியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது. மார்ச் பத்தாம் தேதிக் கூட்டத்தில் எழுதிக் காட்டினால் நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் அடித்தளத்தில் தபால் பிரிவு, உறை ஒட்டி முத்திரை குத்தும் வேலை. ஒன்பது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவள்.

அதற்குத்தான் இந்தப் பெட்டி. மேசையின் நான்கு மூலையில் நான்கு மைக். நான்கையும் கலந்து ஒரே ஒலியாக்கி அவள் கருவிக்கு ஒரு கம்பி போகும். அந்த மேசைக்குப் பக்கத்தில் பிளக் கிடையாது, தரையில் வயர் இழுக்கவும் அலுவலகம் விடாது. ஆகவே மூன்று பென்சில் பேட்டரி. உள்ளே 5532. நாற்பது வருடமாக நான் செய்த ஒவ்வொரு மேடை மிக்சரிலும் உட்கார்ந்திருந்த, ஒலியைப் பெருக்குகிற ஆப்-ஆம்ப் சிப். அதன் அமைதி வேறு எதற்கும் வராது. என் மேசையில் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டேன், மணி மாதிரி இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது பேட்டரி போடுவது மட்டும். அதையாவது பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள்.

பாப்பாவின் அப்பா


ஜனவரி 13

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தை முதலில் படித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். வரிசை மாறியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

முப்பத்தோரு வருடம் தொலைபேசித் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். என் கை படாமல் ஒரு கருவிகூட வெளியே போனதில்லை. நீங்கள் என்னைப் பேட்டரி போடச் சொல்கிறீர்கள். போட்டேன்.

புதிய பேட்டரியில் 4.8 வோல்ட். மெதுவாகப் பேசினால் உங்கள் பெட்டி பேசியது. என் மகன் கொஞ்சம் குரலை உயர்த்தினான், கரகரவென்று உடைந்தது. பிறகு பாதி தீர்ந்த பேட்டரி போட்டேன், 3.3 வோல்ட். ஒரு சொல்லும் உருப்படியாக வெளியே வரவில்லை. வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. கூட்டம் நடக்கிற நாளில் பேட்டரி புதியதாகவே இருக்கும் என்று உங்களுக்கு யார் உறுதி கொடுத்தது?

உங்கள் 5532-க்கு அதன் விவரத் தாளிலேயே பிளஸ் ஐந்து, மைனஸ் ஐந்து, ஆக மொத்தம் பத்து வோல்ட் கேட்டிருக்கிறார்கள். விவரத் தாள் என்று ஒன்று உண்டு. சிப் வாங்குகிற கடையில் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சிப்புக்குத் தலைக்கு மேலே ஒன்றரை வோல்ட், காலுக்குக் கீழே ஒன்றரை வோல்ட் இடம் வேண்டும். நடுவில்தான் ஒலி ஆட முடியும். 3.3-ல் மூன்று போனால் மீதி என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், உங்களால் முடிந்தால்.

மேடையில் பிளஸ் பதினைந்து, மைனஸ் பதினைந்து கொடுத்து நாற்பது வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். அங்கே எந்தச் சிப்பைப் போட்டாலும் பாடும். அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தது உங்கள் பாக்கியம்.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். தகரம் நன்றாக மடித்திருக்கிறது.

இப்படிக்கு, மேற்படி பெட்டியைச் சோதித்தவள்


ஜனவரி 19

சம்பந்தி அம்மா,

தகரம் நன்றாக இருக்கிறதாம். பெரிய மனசு.

நீங்கள் சோதித்ததைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. போட்டுக்கொள்ளப் போவது நீங்களா? நீங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்புவதற்கு முந்தின நாள் பாப்பாவோடு வீடியோவில் பேசினேன். பெட்டியை மாட்டிக்கொண்டுதான் பேசினாள். "கேக்குதா பாப்பா?" என்றேன். "நல்லா கேக்குதுப்பா" என்றாள். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதே பதில். இதற்கு மேல் எனக்கு எந்தத் தாளும் வேண்டாம்.

உங்களுக்குக் காகிதத்தில் எழுதியிருந்தால்தான் சூரியன் உதிக்கும் போலிருக்கிறது. உங்கள் தொழிற்சாலையில் செய்த தொலைபேசி ஒன்று என் வீட்டிலும் இருந்தது. எதிர்முனையில் பேசுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவான். அதையும் நீங்கள்தான் சோதித்து அனுப்பியிருப்பீர்கள்.

குறை சொல்ல யாராலும் முடியும். நீங்கள் ஒன்று செய்து அனுப்புங்கள், பார்ப்போம். அந்த வரவேற்பு மைக்கை ஒலிபெருக்கிக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றவர் நீங்கள். யார் காட்டினாலும் அது ஊளையிடத்தான் செய்யும். இதை நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பாப்பாவின் அப்பா


ஜனவரி 27

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இத்துடன் நான் செய்த சர்க்யூட் இருக்கிறது. உங்களைக் கேட்டுச் செய்யவில்லை. பழைய மேசையின் தூசியைத் துடைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தேன்.

மூன்று சிப், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்-ஆம்ப். நான்கு, மைக்குகளுக்கு. ஒன்று, கலப்பதற்கு. ஒன்று, பேட்டரியின் பாதி வோல்ட்டான நடுப்புள்ளியைப் பிடித்து நிறுத்துவதற்கு. இந்தச் சிப் இரண்டு வோல்ட்டிலும் வேலை செய்யும். ஒலி அடித்தட்டு வரை இறங்கும், மேல்தட்டு வரை ஏறும், எங்கும் இடிக்காது. மின்சாரம் குடிப்பதே தெரியாது. ஒரே செட் பேட்டரியில் ஆறு மாதம் ஓடும். விநாடிக்கு ஆயிரம் அதிர்வு, அதாவது ஆயிரம் சைக்கிள் ஒலியைக் கொடுத்து மீட்டரில் பார்த்தேன், நான்கு வழியும் ஒரே அளவு. என் மருமகளின் காதில் போட்டு, "கேக்குதாம்மா?" என்றேன். "கேக்குது அத்தை, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். உங்களுக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னாள் என்று நீங்கள் எழுதுவீர்கள். என்னிடம் மீட்டரும் அதையே சொன்னது.

உங்களுக்கு இதை அனுப்பக் காரணம் ஒன்றுதான். இதற்குத் தகரப் பெட்டி வேண்டும், மைக் வயர்களுக்குத் துளை போட வேண்டும். என்னிடம் துளை போடும் இயந்திரம் இல்லை. சர்க்யூட்டைச் சோதிக்கும்படி நான் கேட்கவில்லை. பெட்டி மட்டும்.

அந்த மைக்கை என் கையில் கொடுத்து அந்த இடத்தில் நிற்கச் சொன்னது உங்கள் ஆள். நானும் நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இப்படிக்கு, சோதனைப் பிரிவு


பிப்ரவரி 3

சம்பந்தி அம்மா,

உங்கள் உலக அதிசயம் செத்துவிட்டது.

பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது தொழில் தெரிந்தவன் வழக்கம். சுவிட்சைப் போட்டேன். ஒரு விநாடி உஸ் என்றது. அப்புறம் சத்தமே இல்லை. சிப்பைத் தொட்டால் விரல் சுட்டது, ஒரு வாடை வேறு. மூன்று சிப்பும் போச்சு. ஆறு மாதம் ஓடும் என்றீர்களே, ஆறு எண்ணுவதற்குள் மண்ணைக் கவ்வியது.

இதைத்தான் என் மகள் மார்ச் பத்தாம் தேதி மேசைக்கு எடுத்துப்போக வேண்டுமா? அவள் காதுக்குப் பக்கத்தில் இது எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா? என் 5532-ஐ முப்பது வோல்ட்டில் மழையில் நனையவிட்டு ஓட்டியிருக்கிறேன், முணுமுணுக்கக்கூட இல்லை. இது மெலிந்து, நொந்து, தொட்டால் வாடுகிற ஜாதி. தொலைபேசித் தொழிற்சாலைக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும்.

சர்க்யூட் பலகையைத் திருப்பி அனுப்புகிறேன், அடக்கம் செய்துகொள்ளுங்கள். துளை போட்ட பெட்டியும் கூடவே வருகிறது. ஒப்புக்கொண்ட வேலையை நான் செய்துவிடுகிறவன்.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 9

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பலகை வந்தது. பேட்டரி வயர் நுனியில் பல் தடம் இருக்கிறது. முதலைக் கிளிப்பின் பல். பேட்டரி போட்டவருக்கு முதலைக் கிளிப் எதற்கு? பேட்டரிக்குக் குறுக்கே நான் வைத்திருந்த 6.3 வோல்ட் கப்பாசிட்டர் வயிறு உப்பி நிற்கிறது. பென்சில் பேட்டரி மூன்றல்ல, புதிதாக நான்கு போட்டாலும் அதன் வயிறு உப்பாது.

நீங்கள் பேட்டரி போடவில்லை. உங்கள் மேசையில் இருக்கிற பவர் சப்ளையில் மாட்டினீர்கள். அதன் குமிழ் பன்னிரண்டில் இருந்திருக்கும். என் மகனிடம் விசாரித்தேன். "மாமா அந்த குமிழ தொடவே மாட்டாரும்மா, அது எப்பவும் பன்னெண்டுலதான் நிக்கும்" என்றான். மேடைக்காரர்களுக்குப் பன்னிரண்டு வோல்ட் என்றால் குறைந்த மின்னழுத்தமாம். முப்பதோடு ஒப்பிட்டால் குறைவுதான். இந்தச் சிப்புக்கு உச்சவரம்பு ஆறு. அதுவும் அந்தத் தாளில்தான் இருக்கிறது, பலகையோடு மடித்து வைத்திருந்தேன். மடிப்பு கலையாமல் திரும்பி வந்திருக்கிறது.

இதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். தவறு என்றால் தெரிந்தவர் செய்வது.

கூட்டத்துக்கு இருபத்தொன்பது நாள் இருக்கிறது. இன்னொரு பலகை செய்துவிட்டேன். நீங்கள் துளை போட்டு அனுப்பிய தகரப் பெட்டிக்குள் வைத்து, பேட்டரிக் கூட்டையும் அதனோடு சேர்த்துப் பற்றவைத்து, வயரே வெளியே தெரியாதபடி அனுப்புகிறேன். எங்கேயும் கிளிப் மாட்ட முடியாது. மைக் வயர்களை அதில் இணைத்து அனுப்பினால் போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு, மேற்படி தாளை எழுத்து விடாமல் படித்தவள்


பிப்ரவரி 16

சம்பந்தி அம்மா,

பன்னிரண்டு வோல்ட் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். குமிழ் எங்கே நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது பலகையில் மைக்கை மாட்டினேன். பேட்டரியில்தான் ஓட்டினேன், போதுமா? ஹெட்போனைக் காதில் வைத்தேன். சம்பந்தி அம்மா, உங்கள் மீட்டருக்குக் காது கிடையாது. ஆயிரம் சைக்கிளில் ஊ என்று ஒரு ஒலியைக் கொடுத்தால் எந்தக் குப்பையும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றும் கொடுக்காமல், அறை சும்மா இருக்கும்போது கேட்டீர்களா? உஷ்ஷ் என்று ஒரு இரைச்சல், வெளியே மழை பெய்கிற மாதிரி. நான்கு மைக்கும் திறந்திருந்தால், கலக்குகிற ஆப்-ஆம்ப் தன் இரைச்சலை ஐந்து மடங்காக்கித் தள்ளும். இது எந்த மேடைக்காரனுக்கும் தெரியும். நல்ல காது அதை ஒதுக்கிவிட்டுப் பேச்சைக் கேட்கும். பாதிக் காதுக்கு எதை ஒதுக்குவது, எதைக் கேட்பது? "ச"வும் "த"வும் "க"வும் அந்த மழைக்குள் கரைந்துவிடும்.

எல்லாம் ஆறு மாத பேட்டரிக்காக. கொஞ்சமாக மின்சாரம் குடிக்கிற சிப் அதிகமாக இரையும். நீங்கள் மின்சாரத்தில் கஞ்சம் பிடித்தீர்கள், அது என் மகள் காதில் வந்து கொட்டுகிறது. கூட்டம் இரண்டு மணி நேரம். சுவர்க் கடிகாரமா செய்கிறோம்?

அவள் நன்றாகக் கேட்கிறது என்றாளே என்று எழுதாதீர்கள். எனக்கும்தான் சொன்னாள். அன்றைக்கு வீடியோவில் நான் கேட்டதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன் மனசுக்குள். நடுவில் ஒரு தடவை, "சாப்பிட்டியா பாப்பா?" என்றேன். அதற்கும் "நல்லா கேக்குதுப்பா" என்றாள். நான் அதைக் கவனிக்காமல் விட்டேன். காது போனதிலிருந்து அவள் யார் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுகிறாள். நம் இரண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று இரண்டு பெட்டியையும் நல்லது என்று சொல்லியிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே விவரத் தாளைப் படித்தேன். ஒன்றல்ல, பதினேழு. கண் போச்சு. கடைசியில் ஒன்று கிடைத்தது. இரண்டேகால் வோல்ட்டில் ஓடும், மேலும் கீழும் இடிக்காது, இரைச்சல் உங்கள் சிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 5532-ஐவிடக் கொஞ்சம் அதிகம்தான், அதை நான் பொறுத்துக்கொள்கிறேன். மின்சாரம் உங்களுடையதைப் போல ஏழெட்டு மடங்கு குடிக்கும். குடிக்கட்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்ற உங்கள் மகனுக்குக் கையில்லையா? சிப் கடுகளவு, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சின்னத் தகட்டில் ஒட்டி, உங்கள் பலகையிலேயே மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சுவிட்ச். தேவையில்லாத மைக்கை அடியோடு வெட்டிவிட்டால் இரைச்சல் இன்னும் குறையும்.

மீட்டரைத் தூக்கிப் பரணில் போடுங்கள். கேட்குதா என்றும் கேட்காதீர்கள். அவள் கையில் நோட்டையும் பேனாவையும் கொடுங்கள். எழுதச் சொல்லுங்கள். கை பொய் சொல்லாது.

பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 26

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சோதனை நடந்தது. முடிவை அப்படியே தருகிறேன்.

முதலில் என்னுடைய சிப். முதலில் செய்த பலகைக்குப் புதிய சிப்பும் கப்பாசிட்டரும் போட்டுக்கொண்டேன். மகன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் வாசித்தான், மருமகள் கம்பியைக் கதவுக்கு அடியில் விட்டு, படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். ஒரு பக்கத்தில் முப்பத்தெட்டு இடம் காலியாக விட்டிருந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்று சொன்ன அதே பெண். நோட்டை என்னிடம் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்தோரு வருடத்தில் நான் தேர்ச்சி போட்டு அனுப்பியதில் எத்தனை இப்படி இருந்ததோ தெரியாது.

பிறகு நீங்கள் மாற்றிய சிப். எல்லாச் சுவிட்சும் திறந்து, ஒரு மைக் சமையலறை மேடை வரை நீட்டி. நான் நிறுத்து என்று சொல்லும்வரை கேட்பதை எல்லாம் எழுது என்று சொல்லியிருந்தேன். வாசித்து முடித்ததும் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாம் பக்கம் அதனால் வந்தது. சோதனையில் கிடைத்ததை வெட்டிக் கொடுப்பது எங்கள் பிரிவில் வழக்கமில்லை. ஆகவே, எனக்கு விருப்பமில்லாமல், முழுதாக இணைத்திருக்கிறேன். அவள் கையெழுத்து.

*குறிப்பு. இடம்: சாப்பாட்டு மேசை, சமையலறை. வந்திருந்தோர்: கணவர், மாமியார்.*

*மாமியார்: போதும்டா, தொண்டை கட்டிக்கும். டீ வைக்கிறேன்.*

*கணவர்: அம்மா, மாமாவுக்கு நீயே ஒரு போன் பண்ணிச் சொல்லேன்.*

*மாமியார்: எதுக்கு? அந்த ஆளு பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுக்கு சுவிட்சே கிடையாது. பன்னெண்டு வோல்ட் குடுத்து மூணு சிப்ப கொளுத்திட்டு, குமிழ் எங்க நின்னுச்சுன்னு ஞாபகம் இல்லையாம். கத்தறதுதான் சத்தம்னு வாழ்நாள் பூரா நெனச்சிட்டிருந்த மனுஷன்.*

*கணவர்: ஆனா இந்த சிப்ப கண்டுபிடிச்சது அவர்தானே.*

*மாமியார்: அதான்டா எரியுது. எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பாத்தேனே தவிர, அந்தப் பொண்ணு காதுக்குள்ள என்ன போகுதுன்னு நான் பாக்கல. அந்த ஆளு பாத்திருக்கார். இத நான் செத்தாலும் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீயும் சொல்லித் தொலைக்காத.*

*கணவர்: சரி.*

*மாமியார்: சக்கரை டப்பா எங்க?*

*(கரண்டி கீழே விழும் சத்தம்.)*

இரண்டு பக்கத்திலும் காலி இடம் ஒன்றுகூட இல்லை. கரண்டி விழுந்தது உண்மை.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு, சோதனைப் பிரிவு


மார்ச் 3

சம்பந்தி அம்மா,

எழுதாமல் இருப்பேனா?

அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். என்னை இதுவரை நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். மேடைக்கு மேடை திட்டு வாங்கியவன் நான். இவ்வளவு சந்தோஷமாக ஒரு திட்டை வாசித்ததில்லை. "நிறுத்தறதுக்கு சுவிட்சே கிடையாது" என்று நீங்கள் சமையலறையில், அநேகமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறீர்கள். அந்த "சு" என்ற எழுத்து அவளுக்குக் கேட்டிருக்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் கரண்டி விழுந்தது கேட்டிருக்கிறது. ஒரு வருடமாக அவளுக்குக் கரண்டி விழுந்ததில்லை, சம்பந்தி அம்மா.

செத்தாலும் சொல்ல மாட்டேன் என்றதை உயிரோடு இருக்கும்போதே எழுத்தில், பதிவுத் தபாலில், கையெழுத்துச் சான்றோடு அனுப்பி வைத்திருக்கிறீர்கள். அதற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. சட்டம் போட்டு என் பவர் சப்ளைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். குமிழ் இப்போது நாலரையில் நிற்கிறது, அதையும் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பலகை ஒழுங்கு. நடுப்புள்ளியை நீங்கள் பிடித்து நிறுத்தியிருக்கிற விதம் எனக்கு வராது. நான் என்றால் இரண்டு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பேன். இதை நானும் செத்தால்கூட உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இனிமேல் என்னைத் திட்டும்போது மைக்குக்குப் பக்கத்தில் நின்று திட்டுங்கள். பயிற்சி ஆகட்டும். பத்தாம் தேதி காலையில் புது பேட்டரி போடச் சொல்லுங்கள். மூன்றும் புதிது. இரண்டு புதிது, ஒன்று பழையது என்று உங்கள் கஞ்சத்தனத்தைக் காட்டாதீர்கள்.

பாப்பாவின் அப்பா


மார்ச் 12

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

மூன்றும் புதிதுதான் போட்டேன். மீட்டரில் பார்த்துவிட்டுப் போட்டேன்.

நான் அங்கே இல்லை. அவள் வந்து சொன்னதைச் சொல்கிறேன். மேசையில் பதினொரு பேர். அவளுடைய பிரிவுத் தலைவர் மேசையின் தலைப்பக்கத்தில். நம் பெட்டியைப் பார்த்து, "இதென்ன டிபன் டப்பாவா?" என்று கேட்டாராம். உங்கள் தகர வேலையைத்தான் சொல்லியிருக்கிறார். அவள் நான்கு மைக்கையும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கூட்டம். முடிந்ததும் வழக்கம்போலக் குறிப்பை வாசிக்கச் சொன்னார்கள். அவள் முதல் வரியிலிருந்து வாசித்தாள். யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எல்லாம் சரி. பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு வந்தாள். பிரிவுத் தலைவர், பக்கத்தில் இருந்தவரிடம், தாளால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னது: "இதெல்லாம் சும்மா கண்துடைப்புங்க. அந்தப் பொண்ணுக்கு தபால் பிரிவுக்கு ஆர்டர் டைப் பண்ணியாச்சு. பாவம், ஒண்ணும் கேக்காது, தலைய மட்டும் ஆட்டும்."

அதையும் வாசித்தாள். மற்றதை வாசித்த அதே குரலில் வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். பிரிவுத் தலைவருக்கும் மேலே இருக்கிற அதிகாரி ஒருவர் மேசையில் இருந்தாராம். "அந்த ஆர்டர கொண்டு வாங்க" என்று வாங்கி, எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டாராம். நாற்காலி அவளுடையது. பிரிவுத் தலைவர் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறார். அந்த மைக்கை அவர் பக்கம் வைக்காமல் இருக்க முடியுமா என்று.

வீட்டுக்கு வந்ததும் கதவருகிலேயே நின்று இவ்வளவையும் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். என் மகனும் அழுதான். நான் பேட்டரியை அளந்தேன், 4.6 வோல்ட். அளக்கும்போது முள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இன்னொரு பெட்டி வேண்டும், மாற்றாக. ஒன்று பழுதானால் ஒன்று. பலகை நான் செய்கிறேன், தகரமும் சிப்பும் உங்கள் பொறுப்பு. தபாலில் அனுப்பி நசுங்க வேண்டாம், நீங்களே கொண்டுவரலாம். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. நாம் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. பேசினாலும் ஜாக்கிரதையாகப் பேசுங்கள். பாப்பா எழுதிவிடுவாள்.

சம்பந்தி அம்மா